முதலில் உன் பிள்ளை உட்காரட்டும்

சீமையில் ஒரு ராஜா தான் விரும்பிய பெண்ணுக்காக நாற்காலியை விட்டு இறங்கிப் போய்விட, அவருடைய தம்பிக்கு முடி சூட்டினார்கள். அந்த வருஷம், குமார். மெட்ராஸ் பக்கம் கதர் கட்டியவர்கள் முதல் தடவையாக மந்திரிகளானதும் அதே வருஷம்தான். வேலூரிலிருந்து வந்த எங்கள் சொந்தக்காரர்கள், மைசூர் மகாராஜா சீமையில் இருந்த எங்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். முடி சூட்டிய அன்று இங்கே சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த லைனின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு ஆறு வயது. இன்னும் பள்ளியில் சேராதவன் என்றாலும் மிட்டாய்க்காக நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். முதல் நாள் பெய்த கோடை மழையில் தகரக் கூரை ஒழுகி, பள்ளியின் மண்தரை சேறாகிக் கிடந்தது. சாக்கு கொண்டுவந்த பிள்ளைகள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சாக்குக்கும் வழியில்லாத பிள்ளைகள், சுரங்கத்தில் அப்பனைப் பறிகொடுத்தவர்கள், சேற்றில் குந்தியிருந்தார்கள். உன் தாத்தா, அதாவது என் நைனா, மிட்டாய் கொடுத்து முடிகிறவரை அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நம் சங்கம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் அடுத்த வீட்டுத் தண்டபாணி, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பேசுவதை அவர் எழுத்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறார். பிறர் பேசிய பேச்சில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். “மாமா, இவ்ளோ வேகமா சொன்னா நான் இன்னா டைப் மிஷினா?” என்று இப்போதே சிணுங்குகிறார். உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தின் இன்னொரு நகல், சங்கத்து ஹாலின் கதவிலும் ஒட்டப்படும். மகனுக்கு மட்டும் சொல்வதாக இருந்தால் போனில் சொல்லியிருப்பேன். நீ பெங்களூரில் இருந்தாலும் இப்போது சங்கத்தின் தலைவர். தலைவருக்குச் சொல்வதை லைனும் படிக்கட்டும்.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ஹாலில் தினமும் சாயங்காலம் நம் லைன் பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்பனும் அம்மாவும் விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய், இருட்டின பிறகு திரும்புகிற வீட்டுப் பிள்ளைகள். கலா டீச்சர் அவர்களுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்கிறாள். உனக்குத் தெரிந்த பெங்களூர் கம்பெனி ஒன்று சுவர் அகலத்துக்கு ஒரு திரையும், பதிவு செய்த பாடங்களும் இலவசமாகத் தருகிறதாம். திரை வந்துவிட்டால் டீச்சர் தேவையில்லை, கதவைத் திறந்து மூட ஓர் ஆள் போதும் என்று நீ தீர்மானம் எழுதியிருக்கிறாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கச் சொல்லப் போகிறாய். எல்லோரும் தூக்குவார்கள். நீ கெட்ட பிள்ளை இல்லை, ஊருக்கு நல்லது செய்கிறவன் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் போனில் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“அப்பா, நானே ஆபீஸ்ல உக்காந்து ஃபுல்லா பார்த்தேன்ப்பா. சூப்பரா இருக்கு. ஒரு ப்ராப்ளமும் இல்ல” என்றாய்.

“நீ பார்த்தே. உம்பொண்ணு தன்யா பார்த்தாளா?”

“அவ எதுக்குப்பா பாக்கணும்? அவளுக்குத்தான் டியூஷன் இருக்கே.”

நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று உன் அக்காவிடம் சொன்னாயாம். எனக்குக் கோபம் இல்லை. ‘நாங்களே உட்கார்ந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்ற அந்தப் பேச்சை நான் ஆறு வயதிலேயே கேட்டிருக்கிறேன். கேட்ட இடம் அதே ஹால். அப்போது அது தட்டி கட்டிய பள்ளிக்கூடம். அந்தக் கதையை உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். சிரிக்க வைக்கிற துண்டுகளை மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுதாகக் கேள்.

நைனா சுரங்கத்துக்குள் வெடி வைக்கிறவர். பாறையில் துளை போட்டதும் அதில் மருந்தை அடைத்துத் திரி வைக்கிற வேலை. அவரும், சுரங்கத்தில் மரம் கட்டுகிற தச்சர் சின்னராஜுவும், இன்னும் சில பேரும் சேர்ந்து ஒரு முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் பாதி நாளைப் பிள்ளைகளுக்காகக் கொடுப்பது, முதல் வேலையாக அப்பனில்லாத பிள்ளைகளுக்கு உட்கார பெஞ்சு செய்வது. மரத்துக்கு எங்கே போவது? வெடிமருந்து சீமையிலிருந்து மரப்பெட்டிகளில் வரும். நல்ல வழவழப்பான பலகை. காலிப் பெட்டிக்கு லைனில் அடிதடி நடக்கும். எங்கள் வீட்டு அலமாரி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு எல்லாம் அதுதான். நல்ல பெட்டியெல்லாம் இப்படி வீடுகளுக்குப் போய்விட, மழையில் நனைந்து மருந்து கசிந்து கறை பிடித்த பெட்டிகள் மட்டும் குப்பையில் குவிந்து கிடந்தன. இவர்கள் அதைத்தான் பொறுக்கி எடுத்து வந்தார்கள்.

அவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. அந்த மருந்தோடு தினமும் பழகுகிறவர்கள். பலகையை சோப்புப் போட்டுக் கழுவினார்கள், வெயிலில் காய வைத்தார்கள், கறை மறைகிற வரை இழைத்தார்கள். பெஞ்சு தயாரானதும் ஒரு ஞாயிறு முழுக்க அவர்களே மாறி மாறி அதில் உட்கார்ந்தார்கள். சீட்டாடினார்கள், சாப்பிட்டார்கள், சின்னராஜு அதிலேயே படுத்துத் தூங்கினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டி, “நாங்களே உக்காந்து பார்த்துட்டோம் சார். ஒண்ணும் இல்ல. ராஜா நாற்காலி கணக்கா கீது” என்றார்கள். சேற்றில் குந்தியிருந்த பிள்ளைகள் அன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாக்குக்காரப் பிள்ளைகள் பொறாமையோடு பார்த்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமையே தலைவலி தொடங்கிவிட்டது. பெஞ்சுப் பிள்ளைகளுக்கு மட்டும். முகம் சிவந்து, நெற்றிப் பொட்டு துடித்து, இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். வியாழன், வெள்ளி வந்தால் சரியாகிவிடும். ஞாயிறு லீவு கழிந்து திங்கட்கிழமை மறுபடியும் தலைவலி. வாத்தியார் நல்லவர்தான், ஆனாலும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. “ஞாயித்துக்கிழமை ஆட்டம் போட்ட ருசி விடல. திங்கக்கிழமன்னா இவங்களுக்கு மட்டும் ஒரு சாக்கு” என்று திட்டினார். சங்கத்துக்காரர்களுக்கு வேறு எண்ணம். பசி மயக்கம் என்று நினைத்து, திங்கட்கிழமை காலையில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்ற ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகள் கூழையும் வாந்தி எடுத்தார்கள். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டதும் நடந்தது. பெஞ்சை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அவர்களே உட்கார்ந்து பார்த்தது அல்லவா?

காத்தாயி என்று ஒரு கைம்பெண். புருஷன் சுரங்கத்துக்குள்ளேயே போய்விட்டான். அவளுடைய மகள் அஞ்சலை படிப்பில் கெட்டி. ஒரு நாள் காத்தாயி அஞ்சலையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். நைனாவும் சின்னராஜுவும் அவள் வீட்டுக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

“இன்னாம்மா காத்தாயி, பொண்ண அனுப்பலயா?” என்றார் நைனா.

“அனுப்பல. துரை வூட்டுல பாத்திரம் தேய்க்கச் சொல்லிக்கிறேன். அங்க போனா அவளுக்குத் தல வலிக்கல.”

“நல்லாப் படிக்கிற பொண்ணும்மா.”

“நல்லா வாந்தி எடுக்கிற பொண்ணு. நீங்க கூழ ஊத்துவீங்க, வாருறது யாரு? போங்கண்ணா, போய் வேற வேல பாருங்க.”

திரும்பி வரும் வழியில் சின்னராஜு, நன்றி கெட்டவள் என்று முணுமுணுத்தார். அவளைப் பார்த்து மற்ற தாய்மார்களும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். பள்ளிக்கூடம் போனால் தலைவலி வரும் என்று லைனில் பேச்சாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட படித்திருக்காது. நல்லது செய்யப் போனவர்களின் கையாலேயே அது நடந்திருக்கும்.

அதைத் தடுத்தது ஒரு ஆட்டம் கண்ட கால். பெஞ்சுக் கால் ஒன்று ஆடுகிறது என்று நைனா ஒரு பெஞ்சை வீட்டுக்குத் தூக்கி வந்தார். ஞாயிறு காலையிலிருந்து நான் அதன் மேல்தான். கவிழ்ந்து படுத்து, மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு ரயில் ஓட்டினேன். மத்தியானச் சோற்றுக்கு எழுந்தவனுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. மண்டைக்குள் யாரோ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி இருந்தது. அம்மா என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். குனிந்து என் கன்னத்தை முகர்ந்தாள். அப்புறம் பெஞ்சை முகர்ந்தாள்.

“இன்னாங்க, இங்க வாங்க. இவன் மூஞ்சியப் பாருங்க.”

“வெயில்ல ஆடியிருப்பான்.”

“வெயிலு இல்ல. இது உங்க மூஞ்சி. திங்கக்கிழம ஷிப்டு முடிஞ்சு வர்றப்போ உங்க மூஞ்சி இப்படித்தான் இருக்கும். வாடையும் அதே வாடை.”

வெடி வைக்கிறவர்களுக்கு அந்தத் தலைவலி தெரியும். மருந்து தோலில் பட்டாலும், மூச்சில் ஏறினாலும் தலையைப் பிளக்கும். தினமும் தொட்டுக்கொண்டே இருந்தால் நாலைந்து நாளில் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஒரு நாள் லீவு விட்டால் பழக்கம் கலைந்து, அடுத்த ஷிப்டில் மறுபடி பிளக்கும். அதற்குப் பயந்து, லீவு நாளிலும் மருந்து சுற்றி வந்த தாளில் ஒரு துண்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு திரிகிறவர்கள் இருந்தார்கள். என் நைனாவும் செருகுவார்; செருக மறந்த வாரம்தான் அம்மா சொன்ன அந்தத் திங்கட்கிழமை முகம். ஞாயிறு முழுக்க அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான், குமார். பெஞ்சு நல்ல பெஞ்சு இல்லை. அவர்களுடைய உடம்பு கெட்டதற்குப் பழகிப்போன உடம்பு.

அன்று சாயங்காலமே நைனா எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். ஆண்கள் கூடுகிற இடத்துக்குப் பெண்கள் வராத காலம் அது. விஷயத்தைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை உழைப்பு! கடைசியில் சின்னராஜுதான் வாயைத் திறந்தார். “வியாழக்கிழம ஆனா சரியாப் போயிடுதில்ல? விடுங்கப்பா. இன்னும் ஒரு மாசம் போனா பழகிடும். நமக்குப் பழகல?” இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

அம்மா வாசலில் நின்றபடியே கேட்டாள். “பழகிட்டவங்க மூஞ்சியத்தான் நான் தினம் பாக்குறேனே. அந்த மூஞ்சியா புள்ளைங்களுக்கு வேணும்?”

மறுநாள் முதல் ஷிப்டு முடிந்ததும் வந்து பெஞ்சுகளைக் கழற்றினார்கள். மருந்து ஊறிய பலகை, அடித்து உடைக்கக் கூடாது, அடுப்பில் வைக்கக் கூடாது என்று நைனா ஒவ்வொரு பலகையையும் தானே நின்று எண்ணாத குறையாகப் பார்த்து, தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டுக்கு அப்பால் ஆழக் குழி வெட்டிப் புதைக்க வைத்தார். ஆடி மாதக் குளிர்காற்றில் விறகுக்கு அலைகிற காலம். அந்தப் பலகைக்காகச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அவர் ஒரு துண்டும் கொடுக்கவில்லை. அதன் பிறகு பல ஞாயிறுகள் பௌரிங்பேட்டைச் சந்தை வரை போய்ச் சவுக்குக் கட்டையும் பலகையும் கொண்டுவந்து புதிதாகச் செய்தார்கள்.

புதிய பெஞ்சு முடிந்ததும் நைனா மறுபடி காத்தாயி வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தப்பு எங்களுடையது, இது வேறு மரம், நாங்கள் நன்றாகப் பார்த்துவிட்டோம் என்றார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். எழுந்து வந்து சொன்னாள்.

“நீங்க பார்த்தது போதும்ண்ணா. போன தபாவும் நீங்கதான் பார்த்தீங்க. உங்க புள்ள உக்காரட்டும். அவன் பத்து நாளு உக்காந்து நல்லா இருந்தா, அப்புறம் எம்பொண்ணு வருவா.”

சின்னராஜுவுக்கு மூக்கு விடைத்தது. வாங்கிக்கொள்கிறவள் கொடுக்கிறவனுக்குக் கட்டளை போடுவதா? ஆனால் நைனா, “நியாயம்தாம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார். அப்படித்தான் நான் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தேன். படிக்கச் சேர்க்கவில்லை, பெஞ்சைச் சோதிக்கச் சேர்த்தார்கள். சின்னராஜுவின் மகனும் என் பக்கத்தில் உட்கார்ந்தான். தினமும் சாயங்காலம் காத்தாயி வந்து எங்கள் இரண்டு பேர் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பாள். மாவைப் பதம் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். அவளுக்குத் திருப்தியான பிறகு அஞ்சலை வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். அஞ்சலை பிற்பாடு நர்ஸ் ஆகி, இந்த லைனில் பாதிப் பேருக்கு ஊசி போட்டது உனக்கே தெரியும். உனக்கும் போட்டிருக்கிறாள்.

காத்தாயி சொன்னது அன்றோடு சங்கத்தின் சட்டமாயிற்று. எதைக் கொடுத்தாலும் கொடுக்கிறவனின் சொந்தப் பிள்ளை அதை முதலில் பயன்படுத்த வேண்டும். பெரியவன் தொட்டுப் பார்த்தேன், ருசித்துப் பார்த்தேன் என்பது செல்லாது. பெரியவன் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டவன். இந்தச் சட்டத்தை எங்கும் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன்.

நான் ஏன் படிக்கவில்லை என்று சின்ன வயதில் நீ கேட்பாய், நான் மழுப்புவேன். சீமையில் இரண்டாவது பெரிய சண்டை தொடங்கிய வருஷம் பாறை வெடித்துச் சரிந்ததில் நைனா மேலே வரவில்லை. அப்போது நானும் அப்பனில்லாத பிள்ளை. சங்கத்தார் சட்டையும் சிலேட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வாங்க மறுத்துவிட்டாள். “எங்க வூட்டுக்காரு ஆரம்பிச்சது எங்க வூட்டுக்குத்தான்னு நாளைக்கு ஒரு வாய் சொல்லும். வேணாங்க” என்றாள். வாத்தியாரும் வந்து வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போகவில்லை. கரி பொறுக்கப் போனேன், பிறகு கல் உடைக்க, பிறகு சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜில் ஏறிக் கீழே. தெரிந்த நாலு எழுத்தும் கையை விட்டுப் போயிற்று. அம்மா செய்தது சரியா, தப்பா என்று இத்தனை வயதாகியும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். வாசலில் நின்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கலா டீச்சர் வராத பிள்ளையின் வீட்டு வாசலில் போய் அப்படித்தான் கூப்பிடுகிறாள். நேற்றுகூட நம் தெருவில் நின்று, “ஏய் பிரவீணு, காய்ச்சல்னு சொல்லிட்டு கிரிக்கெட்டா? பேட்ட எடுத்துக்கினே வா, அங்க கணக்குப் போடலாம்” என்று பிடித்துக்கொண்டு போனாள்.

சட்டத்தை நான் யாருக்காகவும் வளைக்கவில்லை. உன் அக்கா சிறுமியாக இருந்தபோது யாரோ டப்பா டப்பாவாகப் பால் பவுடர் கொடுத்தார்கள். முதலில் அவளுக்குத்தான் கரைத்துக் கொடுத்தேன். அவள் வயிறு ஓடிய ஓட்டத்தில் உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டப்பாக்கள் திரும்பிப் போயின. நீ நாலாவது படிக்கும்போது வந்த கான்வாஸ் ஷூ உனக்கு நினைவிருக்கும். உன் குதிகால் தோல் உரிந்து நொண்டினாய். “ஊருக்கெல்லாம் நல்ல பேரு உனக்கு, கால் புண்ணு எனக்கா?” என்று கேட்டாய். நான் சிரித்தேன், உன் அம்மா உன் பக்கம் சேர்ந்துகொண்டாள். அந்த ஷூவை வேறு எந்தப் பிள்ளையும் போட்டு நொண்டவில்லை. உன் ஒருவன் புண்ணோடு அது நின்றது. அன்றைக்கு நீ சங்கத்துக்குச் செய்தது, இன்றைக்குத் தலைவராகச் செய்கிற எதையும்விடப் பெரிது என்று நான் நினைக்கிறேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

இப்போது திரைக்கு வருகிறேன். திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. சவுக்குப் பெஞ்சு மாதிரி நல்லதாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அதுதான் விஷயம். காலையிலிருந்து ராத்திரி வரை ஆபீசில் திரைக்கு முன்னால் உட்காருகிறவன் நீ. சாப்பிடும்போதும் கையில் ஒரு திரை. சந்தேகம் வந்தால் நிறுத்தி, பின்னால் ஓட்டி, வேறு இடத்தில் தேடிப் பார்க்கப் பழகியவன். நீ உட்கார்ந்து பார்த்ததும், மருந்துத் தாளைத் தொப்பியில் செருகிக்கொண்டு என் நைனா பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒன்றுதான். கணக்கில் பின்னம் புரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அந்தத் திரைக்கு முன்னால் என்ன செய்யும்? கை தூக்கினால் திரை பார்க்குமா? புரியாமல் தலையாட்டினால் கண்டுபிடிக்குமா? அதை உன் உடம்பு சொல்லாது. உன் பிள்ளையின் உடம்பு சொல்லும்.

அதனால் நான் கேட்பது இது. திரையை மாட்டு. கலா டீச்சரை நிறுத்தாதே. வரப்போகிற லீவில் தன்யாவை இங்கே கொண்டுவந்து விடு. டியூஷன் கிடையாது, நீயும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. லைன் பிள்ளைகளோடு அதே தரையில், அதே திரைக்கு முன்னால், அவளுக்குத் தெரியாத பாடத்தை அவள் படிக்கட்டும். அவள் படித்துத் தேறிவிட்டால், கலா டீச்சருக்கு நானே மாலை போட்டு வழியனுப்பி, திரையின் சுவிட்சைத் தட்டுவேன். தேறாவிட்டால் டீச்சர் இருப்பாள், திரை அவள் கைக்கு அடங்கி ஒரு ஓரத்தில் இருக்கும். கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவன் திரையை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

இதை மருமகளிடமும் நானே பேசினேன். மரியாதையான பெண். “மாமா, நீங்க சொல்றது சரிதான், ஆனா டியூஷன் விட்டா அவ படிப்பு கெட்டுடுமே மாமா” என்றாள். அவள் தாய், அவள் சொன்னதில் தப்பில்லை. அதே வார்த்தையை ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று நீ எல்லோர் முன்னாலும் சொல். டீச்சர் இல்லாமல் திரையை மட்டும் நம்பினால் என் மகளின் படிப்பு கெட்டுவிடும் என்று சொல். சொல்லிவிட்டு, பிரவீணின் அப்பாவைப் பார்த்துக் கை தூக்கச் சொல். உன்னால் முடிந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். முடியாவிட்டால் தீர்மானத்தைக் கிழித்துவிடு.

என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று யாராவது உனக்கு யோசனை சொல்லலாம். நான் வர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலின் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், உங்கள் பிள்ளையா முதலில், ஊரான் பிள்ளையா முதலில் என்று கேட்பேன். தலைவரின் அப்பன், கிழவன், ஏதோ பேசுகிறான் என்று சிரித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். சிரிப்பு எனக்குப் புதிதில்லை. காத்தாயி கேட்டபோது சின்னராஜுவும் முதலில் மூக்கு விடைக்கத்தான் செய்தார்.

என் வார்த்தை மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். நான் அந்தப் பெஞ்சில் ஒரே ஒரு ஞாயிறு படுத்தவன். மாதக் கணக்கில் அதில் உட்கார்ந்து, வாந்தி எடுத்து, சாக்குச் சொல்கிறாய் என்று திட்டும் வாங்கியவர்கள் வேறு. அவர்களைப் பற்றித்தான் பேச்சு, அவர்கள்தான் பேச வேண்டும். அஞ்சலை போய்விட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்த தனபால் ஓய்வுப் பணம் வாங்கத் தொடங்கிய வருஷமே போனான். கடைசியில் உட்கார்ந்த இரட்டையர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒருத்தி மட்டும் இருக்கிறாள். மைசூர் மைன்ஸ் பக்கம் பேத்தி வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. என்னைவிட மூத்தவள். போன வாரம் ஆட்டோ பிடித்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, “உம்புள்ள தலைவராடா? அப்போ அவனே என்னக் கூப்பிடட்டும், வந்து சொல்றேன்” என்றாள். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இருப்பாள். கூட்டத்தைத் தொடங்கியதும், கை தூக்கச் சொல்வதற்கு முன்னால், எழுந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடு. பட்டம்மாள்.